சுஐபுக்காக ஒரு சாட்சி

சவூதியில் வேலை பார்த்த வருஷங்களில் சுகிர்தராணி உதடு அசையாமல் ஜெபிக்கப் பழகிக்கொண்டாள். ஜுபைலில் ஒரு கிளினிக்கில் நர்ஸ் வேலை. தங்கியிருந்த குடியிருப்பில் வெள்ளிக்கிழமை காலைகளில் நாலைந்து பெண்கள் ஒரு ரூமில் கூடுவார்கள். டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு, ஜெபமாலையை மடிக்குள் வைத்து உருட்டுவார்கள். யாரும் வந்து கதவைத் தட்டியதில்லை. தட்டிவிடுவார்களோ என்ற நினைப்பே போதுமானதாக இருந்தது.

பிறகு தோஹாவுக்கு வந்தாள். இங்கே அரசாங்கமே ஊருக்கு ஒதுக்குப்புறமாக நிலம் கொடுத்து, பல சபைகளுக்கும் ஒரே இடத்தில் கோயில் கட்ட விட்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் சிலுவை தெரியாது. வாசலில் பையைச் சோதித்து உள்ளே அனுப்புவார்கள். விடுமுறை நாள் வெள்ளி என்பதால் ஞாயிறு பூசை வெள்ளிக்கிழமையே நடக்கும். முதல் தடவை அங்கே தமிழ்ப் பூசையில் வாய்விட்டுப் பாடியபோது அவளுக்குப் பாதிப் பாட்டில் தொண்டை அடைத்துக்கொண்டது. பக்கத்தில் இருந்தவர்கள் அழுகையென்று நினைத்தார்கள். அழுகையில்லை, பழக்கம் விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான்.

அவர்கள் நாடு, அவர்கள் சட்டம். நமக்கு விட்டது போதும் என்பதுதான் அவள் கணக்கு. வேலையில் மதத்தைப் பற்றி வாய் திறக்க மாட்டாள். குளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரைக்காரி. கடலில் அண்ணனைப் பறிகொடுத்தவள். புருஷன் ஊரில் இருந்தபடி ஒரே மகளைக் கல்லூரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். இன்னும் கொஞ்ச வருஷம் யார் கண்ணிலும் உறுத்தாமல் இருந்துவிட்டு ஊர் போய்ச் சேர வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை.

வீடுகளுக்கு நர்ஸ் அனுப்பும் ஒரு கம்பெனியில் அவள் இருந்தாள். ஊருக்குள் நஜ்மா பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் கம்பெனி எடுத்த ஃபிளாட். ஒரு ரூமில் சுகிர்தராணியும் அஜிஷா என்ற ஊர்க்காரப் பெண்ணும். அடுத்த ரூமில் கென்யாக்காரிகள் இரண்டு பேர், ருக்கியாவும் மும்புவாவும். சுகிர்தராணிக்கும் அந்த இருவருக்கும் பகல் டூட்டி ஒரே வீட்டில். பக்கவாதத்தில் படுத்த படுக்கையாகிவிட்ட ஒரு அரபிப் பெரியம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வீட்டில் எல்லோரும் அவரை ‘யும்மா’, அதாவது அம்மா, என்றே கூப்பிட்டார்கள். மருந்தும் ஊசியும் சுகிர்தராணி பொறுப்பு. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, புண் வராமல் நேரத்துக்கு நேரம் புரட்டிப் படுக்க வைப்பது மற்ற இருவர் பொறுப்பு. யும்மா கனத்த உடம்புக்காரர். ஒருத்தி தோளையும் இன்னொருத்தி இடுப்பையும் பிடித்து, இருவரும் ஒரே மூச்சில் அசைத்தால்தான் அவருக்கு வலிக்காது. ருக்கியாவும் மும்புவாவும் அவர்கள் பாஷையில் ஏதோ சொல்லிச் சிரித்தபடியே அதைச் செய்வார்கள். யும்மாவுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கும். வாய் கோணியிருந்தாலும் கண்ணால் கூடச் சிரிப்பார்.

இருவரும் ஒரே ஊர். மொம்பாசாவுக்கு வடக்கே கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். ருக்கியா முஸ்லிம், அவள் ஆட்கள் எத்தனையோ தலைமுறையாக அந்தக் கரையில் இருப்பவர்கள். மும்புவா கிறிஸ்தவள், அவள் அப்பா காலத்தில் உள்நாட்டுப் பக்கமிருந்து வந்து குடியேறியவர்கள். ஊரில் இரு தெருவுக்கும் நடுவே புகைச்சல் உண்டு என்று சுகிர்தராணிக்குப் போகப்போகத்தான் தெரிந்தது. எங்கிருந்தோ வந்தவர்களுக்கு அரசாங்கம் பட்டா கொடுத்தது, ஆனால் எங்களிடம் அடையாள அட்டை கேட்டுப் போனால் தாத்தா எங்கே பிறந்தார் என்று நிரூபிக்கச் சொல்கிறது என்பாள் ருக்கியா. மும்புவாவோ, எங்கள் கோயில் வாசலில் ஞாயிற்றுக்கிழமை போலீஸ் நிற்க வேண்டியிருக்கிறதே, அது யாருக்குப் பயந்து என்பாள். ஆனால் இதையெல்லாம் சண்டையாகப் பேசமாட்டார்கள். ஒரே சட்டியில் சோளமாவுக் களி கிண்டி, ஒரே தட்டில் கீரையோடு வைத்துச் சாப்பிட்டபடி பேசுவார்கள். நோன்பு மாதத்தில் ருக்கியாவுக்கு மும்புவாதான் சமைப்பாள். கிறிஸ்துமஸுக்கு மும்புவாவின் தலையைப் பின்னிவிடுவது ருக்கியா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. தோஹாவில் அது சாதாரண வேலை நாள். முற்பகலில் யும்மாவைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது மும்புவாவின் பாக்கெட்டில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. வேலை முடிந்து வராந்தாவுக்குப் போய் எடுத்தவள் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். ஊரில் அவர்கள் கோயிலில் ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே வரும் நேரத்தில் யாரோ குண்டு வீசியிருந்தார்கள். வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்த அவள் அப்பா, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே இறந்துபோயிருந்தார்.

ருக்கியா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். “போலே, போலே” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். துக்கத்துக்கு அவர்கள் சொல்லும் வார்த்தை அது. அன்று பகல் முழுவதும் மும்புவா அவள் மடியில்தான் கிடந்தாள்.

மறுநாள் ருக்கியாவுக்குப் போன் வந்தது. அவர்கள் தெருவில் போலீஸ் புகுந்து வாலிபப் பையன்களை அள்ளிக்கொண்டு போயிருந்தது. அதில் அவள் தம்பி சுஐபும் ஒருவன். ஆட்டோ ஓட்டுகிறவன். குண்டு வெடித்த நேரத்தில் அவன் ஆட்டோ கோயிலுக்கு எதிரே நின்றதாம். சட்டையெல்லாம் ரத்தம். இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று கொண்டுபோய்விட்டார்கள். எந்த ஸ்டேஷன் என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை.

அதோடு அந்த ரூமில் பேச்சு நின்றது. மும்புவா கட்டிலைச் சுவர்ப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். சட்டி இரண்டானது. யும்மாவைப் புரட்டும்போது ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பதில்லை. சைகைக்கு ஒரு தட்டு, ஒரு செருமல். கை ஒரு கணம் முன்பின்னாகப் போனாலும் யும்மா முனகினார். மும்புவாவை ஊருக்குப் போய்விட்டு வரும்படி கம்பெனியில் சொன்னார்கள். அடக்கம் முடிந்துவிட்டது, போய் என்ன செய்ய என்று அவள் போகவில்லை.

கம்பெனியில் டூட்டி போட்டுக் கொடுக்கும் பிஜு ஒருநாள் சுகிர்தராணியைத் தனியாகக் கூப்பிட்டான். யும்மாவின் மகன் ஏதோ கேட்டாராம், வீட்டுக்குள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறார்களே என்று. மதச் சண்டை என்று வெளியே தெரிந்தால் கம்பெனிக்குக் கெட்ட பெயர். இருவரில் யாரை வேறு சைட்டுக்கு மாற்றலாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள் சிஸ்டர் என்றான். அவளும் யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். மனதுக்குள் ருக்கியாவின் பெயரைத்தான் நினைத்திருந்தாள். அப்பாவை இழந்தவளை அலைக்கழிக்க வேண்டாம் என்று காரணம் சொல்லிக்கொண்டாள். மும்புவாவும் கிறிஸ்தவள் என்பதும் அதில் கலந்திருக்கிறதா என்று ஆழமாகத் தோண்டிப் பார்க்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மும்புவா அவளோடு கோயிலுக்கு வந்தாள். வழக்கமாக வேறு கட்டடத்தில் வேறு ஆராதனைக்குப் போகிறவள். அன்று அப்பாவுக்காகச் சேர்ந்து ஜெபிக்க யாராவது வேண்டும் என்றாள். பூசையில் அவள் முழங்காலில் நின்றவள் கடைசிவரை எழவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள். ஆங்கிலத்தில், நடுவே அரபியில், சில சமயம் தன் பாஷையில். சுகிர்தராணி காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டாள்.

“அவன் போடல, சிஸ்டர்.”

“யாரு?”

“சுஐபு. எங்கம்மா பக்கத்துல நின்னு பாத்தாங்க. குண்டு வெடிச்சதும் எல்லாரும் ஓடினாங்க. அவன்தான் உள்ள ஓடி வந்தான். எங்கப்பாவைத் தூக்கி அவன் ஆட்டோவுலதான் போட்டான். வேற யாரோ ஓட்ட, எங்கப்பா அவன் மடியிலதான் செத்தாரு. அந்த ரத்தம் எங்கப்பாவோடது.”

சுகிர்தராணி, இது உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டாள். அடக்கம் நடந்த அன்றே அம்மா போனில் சொல்லிவிட்டாள் என்றாள் மும்புவா. அப்படியானால் போலீஸிடம் ஏன் சொல்லவில்லை? அதற்கு மும்புவா சொன்ன பதில் சுகிர்தராணியை வெகுநாள் தூங்கவிடவில்லை. அண்ணன் தடுத்துவிட்டானாம். இவன் இல்லையென்று நாமே சொல்லிவிட்டால் கேஸ் அங்கேயே விழுந்துவிடும், அப்பாவின் சாவுக்குப் பதில் சொல்ல ஒருத்தனும் இருக்கமாட்டான், இவன் இல்லாவிட்டால் இவன் தெருக்காரன் ஒருவன்தானே என்றானாம். சபையிலும் பெரியவர்கள் சிலர், இப்போது அவர்களுக்காகப் பேசினால் ஜனங்கள் மனம் கசந்துபோகும் என்று அம்மாவை அடக்கிவிட்டார்களாம்.

“நானும் அதைத்தான் நெனச்சேன்” என்றாள் மும்புவா. “யாராவது ஒருத்தன் உள்ள இருக்கட்டும்னு.”

ரூமுக்கு வந்ததும் அஜிஷாவிடம் சுகிர்தராணி இதைச் சொன்னாள். வேறு யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. அஜிஷா நல்ல பெண். ஆனால் பயந்தவள்.

“அக்கா, இது அவுங்க நாட்டுக் காரியம். போலீஸ், குண்டு, கோர்ட்டு... நமக்கு எதுக்கு இந்த வேல? பிஜுக்கிட்ட ஒருத்திய மாத்தச் சொல்லிற்று சும்மா இரிங்க. நாளைக்கி நம்மள ஊருக்குப் போன்னு சொன்னா மோளு படிப்பு என்னாவும்?”

“நெசந்தான் மக்ளே” என்றாள் சுகிர்தராணி. அதில் பொய் ஒன்றும் இல்லை. இருபது வருஷமாக அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் அஜிஷா சொன்னாள்.

அந்த வருஷம் நோன்பும் தவக்காலமும் சேர்ந்தே வந்தன. ருக்கியா பகலெல்லாம் பச்சைத் தண்ணீர் இல்லாமல் யும்மாவைத் தூக்குவாள். மாலையில் கீழே பள்ளிவாசல் பாங்கு கேட்டதும் ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீரும். அதற்கு மேல் எதுவும் சமைப்பதில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் அம்மா ஒவ்வொரு ஸ்டேஷனாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். இங்கே இல்லை, அங்கே கேள் என்று விரட்டினார்கள். ஒரு இடத்தில், உன் மகனுக்கு அடையாள அட்டையே இல்லையே, அப்படி ஒருத்தன் இருக்கிறான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்களாம். அதைச் சொல்லும்போது ருக்கியா அழவில்லை. சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் சுகிர்தராணி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அடுப்படியில் மும்புவா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சுகிர்தராணி கதவைச் சாத்தினாள். தன் குரல் தனக்கே புதிதாகக் கேட்டது.

“நான் ருக்கியாட்ட சொல்லமாட்டேன். நீ எங்கிட்ட நம்பிச் சொன்னது. ஆனா நீ சொல்லணும். அவன் உயிரோட இருக்கப்பவே சொல்லணும். அப்புறம் சொன்னா யாருக்கு?”

மும்புவாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஈரக் கையை உதறிக்கொண்டு திரும்பினாள். உங்களுக்கு என்ன, இங்கே ராஜா நிலம் கொடுத்து, வாசலில் காவல் போட்டுக் கோயில் வைத்திருக்கிறார், நீங்கள் பயமில்லாமல் முழங்கால் போடலாம், உங்கள் அப்பாவையா கொன்றார்கள் என்று கேட்டாள். சுகிர்தராணிக்கு அவள் சொன்னது ஒன்றும் தப்பாகத் தோன்றவில்லை. எனக்கும் அண்ணன் ஒருத்தன் இருந்தான், கடலில் போனவன், அவனைக் கடைசியாக யார் தூக்கினார்கள் என்றுகூட எங்களுக்குத் தெரியாது, உன் அப்பாவைத் தூக்கியவன் யாரென்று உனக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

அடுத்த சில நாட்கள் மும்புவா அவளோடும் பேசவில்லை. சுகிர்தராணியும் பிஜுவிடம் பெயர் எதுவும் சொல்லாமல் தள்ளிப்போட்டாள். அவன் இரண்டு தடவை போன் செய்தான். யும்மா உடம்புக்கு இருவரும் வேண்டும், இப்போது கை மாற்றினால் புண் வந்துவிடும் என்று சமாளித்தாள். அது முழுப்பொய்யும் அல்ல.

ஒரு காலை, டூட்டிக்கு வண்டி வருவதற்கு முன், மும்புவா சுகிர்தராணியின் ரூம் வாசலில் வந்து நின்றாள். முந்தின நாள் சாயங்காலம் ருக்கியாவின் அம்மா போனில் அழுததைச் சுவர்ப்பக்கக் கட்டிலில் படுத்தபடி கேட்டிருக்கிறாள். வளர்கிற வயதில் அந்த வீட்டில் அவளும் சாப்பிட்டவள். அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். அம்மாவுக்குப் போன் போடப் போகிறேன், பக்கத்தில் உட்காருங்கள் என்றாள்.

கட்டில் ஓரத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். போனில் பேசியது முழுக்க அவர்கள் பாஷை. சுகிர்தராணிக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. மும்புவா ஒரு கேள்வி கேட்டாள். அந்தப் பக்கமிருந்து ஒரு கிழட்டுக் குரல் நிதானமாக ஏதோ சொன்னது. மும்புவா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்ன சொன்னாங்க?”

“நான் கேப்பேன்னு காத்துக்கிட்டு இருந்தாங்களாம். பிள்ளைங்கள்ல ஒருத்தராவது சரின்னு சொன்னா போகலாம்னு இருந்தாங்களாம்.”

ருக்கியாவிடம் மும்புவாவே சொன்னாள். சுகிர்தராணி வாசலில் நின்றாள். கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அப்படி எதுவும் நடக்கவில்லை. ருக்கியா முழுவதையும் கேட்டாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

“உனக்கு இது எப்போ தெரியும்?”

“அப்பாவைப் புதைச்ச அன்னைக்கு.”

ருக்கியா குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து தன் அம்மாவுக்குப் போன் போட்டாள். வண்டி வந்து ஹாரன் அடித்தது. அன்றும் மூவரும் ஒரே வண்டியில்தான் போனார்கள். யும்மாவை அன்றும் இருவரும் சேர்ந்துதான் புரட்டினார்கள்.

ஊரில் நடந்ததெல்லாம் போன் வழியே துண்டு துண்டாக வந்தது. கணவனை இழந்தவளும் மகனைத் தேடி அலைந்தவளும் சேர்ந்து ஸ்டேஷனுக்குப் போனார்கள். முதல் தடவை உள்ளேயே விடவில்லை. உன்னைப் பயமுறுத்தி அழைத்து வந்திருக்கிறார்களா என்று மும்புவாவின் அம்மாவிடம் ஒரு அதிகாரி கேட்டாராம். மறுபடியும் போனார்கள். அந்தக் கரையில் இமாம்களும் பாதிரிகளும் சேர்ந்து வைத்திருந்த ஒரு சிறு குழு உண்டு. அவர்கள் பிடித்துக் கொடுத்த ஒரு வக்கீல்தான் சுஐபு இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, விஷயத்தைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார். மாஜிஸ்திரேட் முன்னால் அந்த அம்மா பைபிளில் கை வைத்து, என் புருஷனைத் தூக்கியது இந்தப் பையன், ஓடினவர்கள் எங்கள் ஆட்கள் என்று சொன்னாள். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தபோது மூத்த மகன் தன் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேறு வீடு பார்த்துப் போயிருந்தான். கோயிலில் அவள் உட்காரும் பெஞ்சில் கொஞ்ச நாள் யாரும் உட்காரவில்லை.

சுஐபு ஜாமீனில் வந்தது பல மாதம் கழித்து. அந்த அரசாங்கம் தப்பென்று ஒப்புக்கொள்ளவில்லை. கேஸ் இன்னும் நடக்கிறது. உள்ளே வாங்கிய அடியில் அவன் வலது கை விரல்கள் மூடவில்லை. ஆட்டோ ஹேண்டிலைப் பிடிக்க வராது. இப்போது ஒரு மீன் ஏலக்கூடத்தில் விலை கூவி விற்கும் வேலை பார்க்கிறானாம். குண்டு போட்டது யார் என்பது கடைசிவரை தெரியவில்லை.

இதற்கிடையில், சுகிர்தராணி யார் பெயரையும் சொல்லாமல் இருந்ததில் பிஜு சலித்துப்போய், அவனாகவே ருக்கியாவை அல்கோர் பக்கம் ஒரு வீட்டுக்கு மாற்றினான். சுகிர்தராணியின் பொறுப்பையும் பிடுங்கி வேறொரு நர்ஸிடம் கொடுத்தான். சம்பளம் குறையவில்லை, மரியாதை குறைந்தது. நான் அப்பவே சொன்னேனே அக்கா என்று அஜிஷா சொல்லவில்லை. அன்று அவளுக்காகக் கப்பக்கிழங்கு வேகவைத்து, மீன்குழம்பும் வைத்தாள்.

ருக்கியா பெட்டியைக் கட்டும்போது மும்புவா உதவிக்குப் போகவில்லை. வாசல்வரை மட்டும் வந்தாள். ருக்கியா சுகிர்தராணியின் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் மன்னிக்க எனக்கு இன்னும் காலம் வேண்டும் சிஸ்டர் என்றாள். பிறகு, மும்புவாவைக் கண்ணால் காட்டி, அவளுக்கும் வேண்டும் என்றாள்.

இப்போதும் சம்பளம் வந்த பிறகு வரும் விடுமுறை நாளில் ருக்கியா நஜ்மாவுக்குக் காய்கறி வாங்க வருவதுண்டு. சில சமயம் கடையில் மும்புவா எதிர்ப்படுவாள். உன் அம்மா எப்படி இருக்கிறாள் என்று ஒருத்தி கேட்பாள். உன் அம்மா எப்படி என்று மற்றவள் கேட்பாள். அந்த இரண்டு அம்மாக்களும் ஊரில் இன்னும் வழக்கு நாளுக்குச் சேர்ந்தேதான் கோர்ட்டுக்குப் போகிறார்கள். மகள்கள் அதற்கு மேல் பேசுவதில்லை, ஆனால் பேசாமலும் போவதில்லை. சுகிர்தராணி கீரைக்கட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று கொஞ்சம் தள்ளி நிற்பாள்.